டெப்பர் வணிகப் பள்ளி: கணக்கை நம்பும் எம்பிஏ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எம்பிஏ என்றால் நம் ஊரில் முதலில் வரும் பெயர்கள் ஹார்வர்டும் வார்ட்டனும்தான். பிட்ஸ்பர்க்கின் டெப்பர் பள்ளி பட்டியலில் கொஞ்சம் கீழே, "கணக்கு அதிகமாமே" என்ற எச்சரிக்கையோடு வரும். அந்த எச்சரிக்கை உண்மைதான். ஆனால் அங்கே கணக்கு எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். விண்ணப்பிக்க நினைப்பவர்களும், அதைவிட அதிகமாக அவர்களின் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகளைக் கீழே எடுத்துக்கொள்கிறேன்.

டெப்பர் என்பது தனிப் பல்கலைக்கழகமா?

இல்லை. பென்சில்வேனியா மாநிலம் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி. 1949-இல் தொடங்கியபோது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் கார்னகி தொழில்நுட்பக் கழகம். பள்ளியின் பெயரும் வேறு: தொழில் நிர்வாகத்துக்கான பட்டமேற்படிப்புப் பள்ளி, சுருக்கமாக ஜிஎஸ்ஐஏ. கல்ஃப் ஆயில் நிறுவனத்தை வளர்த்த வில்லியம் லாரிமர் மெலன் கொடுத்த 60 லட்சம் டாலரில் உருவானது. அங்கே 1982-இல் படித்து முடித்த டேவிட் டெப்பர், அப்பலூசா என்ற ஹெட்ஜ் ஃபண்டை (பெரும் முதலீட்டாளர்களின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதியை) நடத்திப் பெரும் பணக்காரரானவர். அவர் 5.5 கோடி டாலர் கொடுத்ததை ஒட்டி 2004-இல் பள்ளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் ஜிஎஸ்ஐஏ என்று பார்த்தால் அது இதுதான்.

கணக்கு அங்கே எப்படி நுழைந்தது?

நுழையவில்லை, அதை வைத்துத்தான் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் கான்வாய் கப்பல்களை எப்படி அனுப்புவது, குண்டுவீச்சு விமானங்களை எப்படிப் பகிர்வது என்பதற்கெல்லாம் கணித மாதிரிகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். போர் முடிந்ததும் இதையே ஆலைக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோனால் என்ன என்ற கேள்வி எழுந்தது. அன்றைய வணிகப் பள்ளிகள் பலவும் அனுபவசாலிகளின் கதைகளையும் கணக்குப் பதிவியலையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தன. ஹார்வர்டு, நிஜ நிறுவனங்களின் சூழ்நிலைகளை வகுப்பில் விவாதிக்கும் தன் கேஸ் முறையில் உறுதியாக இருந்தது.

பிட்ஸ்பர்க்கில் முதல் டீன் லீலண்ட் பாக் ஒரு பொருளாதார அறிஞர். அவரோடு சேர்ந்த இருவர்தான் பள்ளியின் குணத்தைத் தீர்மானித்தார்கள். ஒருவர் ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர். இன்னொருவர் வில்லியம் கூப்பர். கூப்பர் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டு, பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் காசுக்காகக் குத்துச்சண்டை போட்டவர். பிறகு சிகாகோவில் பட்டம் வாங்கினார், ஆனால் முனைவர் பட்டத்தைக் கடைசிவரை முடிக்கவில்லை. கணக்கை நம்பும் பள்ளிக்கு இப்படி ஒருவர் அடித்தளம் போட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

கணக்கு என்றால் கரும்பலகைக் கணக்கா, நிஜத் தொழில் கணக்கா?

முதல் பெரிய வேலையே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில்தான். கூப்பரும் கணிதவியலாளர் ஏப்ரகாம் சார்ன்ஸும் இன்னொரு சக ஆய்வாளரும் சேர்ந்து 1952-இல் விமானப் பெட்ரோல் கலப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆலையில் பல அடிப்படை எரிபொருள்கள் இருக்கும். ஒவ்வொன்றும் இருப்பில் இவ்வளவுதான். விற்கும் ஒவ்வொரு ரகத்துக்கும் எஞ்சினில் தட்டாமல் எரியும் தரம் இதற்குக் குறையக் கூடாது, ஆவியழுத்தம் இதற்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடுகள். எதை எதோடு எவ்வளவு கலந்தால் லாபம் அதிகம்? கலவைப் பொறுப்பாளர் அதுவரை அனுபவத்தால் செய்ததை இவர்கள் லீனியர் புரோகிராமிங்காக, அதாவது கட்டுப்பாடுகளை நேரியல் சமன்பாடுகளாக எழுதி அவற்றுக்குள் சிறந்த விடையைத் தேடும் கணக்காக எழுதிக் காட்டினார்கள். அந்த முறை அப்போது பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தது. இன்று எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலும் இது அன்றாட வேலை.

இன்னொன்று பெயின்ட் ஆலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பள்ளியின் புத்தி எப்படி வேலை செய்தது என்பது இதில் முழுதாகத் தெரியும்.

பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனத்தின் பெயின்ட் ஆலைக்குப் பழைய தலைவலி ஒன்று. ஆர்டர் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். ஆர்டரோடு சேர்ந்து ஆட்களை எடுத்து நீக்கினால் அதற்கு ஒரு செலவு. ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டால் ஒரு மாதம் ஓவர்டைம், மறு மாதம் வெட்டிச் சம்பளம். சரக்கை அடுக்கிவைத்தால் பணம் முடங்கும், வைக்காவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார். இந்த நான்கு செலவுகளும் ஒன்றையொன்று இழுக்கும். சார்ல்ஸ் ஹோல்ட், ஃபிராங்கோ மாடிலியானி, ஜான் மூத், சைமன் ஆகிய நால்வரும் ஆலையின் கணக்கேடுகளிலிருந்து செலவுகளை மதிப்பிட்டு, மொத்தச் செலவு குறையும்படி ஒரு சூத்திரம் கண்டார்கள். அதன்படி இந்த மாதம் எவ்வளவு தயாரிப்பது என்பது சில எண்களின் கூட்டல்தான்: இந்த மாத ஆர்டரை 0.463-ஆல் பெருக்கு, அடுத்த மாத ஆர்டர் கணிப்பை 0.234-ஆல், அதற்கடுத்த மாதத்தை 0.111-ஆல், தூரம் போகப் போக எடை குறைகிறது. அதோடு கையிலுள்ள ஆட்கள் எண்ணிக்கையைச் சேர், கையிருப்புச் சரக்கில் ஒரு பகுதியைக் கழி. அடுத்த சூத்திரம் எத்தனை ஆட்கள் வேண்டும் என்று சொல்லும். ஃபோர்மேன் கையாலேயே போடக்கூடிய கணக்கு. அதைக் கண்டுபிடிக்கத்தான் கனமான கணிதம் தேவைப்பட்டது. இந்த வேலை 1960-இல் புத்தகமாக வந்தது.

இதிலிருந்து கிளைத்தவை அதைவிடப் பெரியவை. ஆர்டரை முன்கூட்டிக் கணிக்க ஹோல்ட் 1957-இல் ஒரு முறையை எழுதினார். அதே இடத்தில் இருந்த பீட்டர் விண்டர்ஸ் 1960-இல் பருவகால ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தார். ஹோல்ட்–விண்டர்ஸ் என்று இன்றும் சொல்கிறோம். தீபாவளி விற்பனையைக் கணிக்க எக்செல்லில் எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் (அண்மைய விற்பனைக்கு அதிக எடை கொடுத்துக் கணிக்கும் முறை) போடுபவர்கள் அந்தப் பெயின்ட் ஆலைக் காலத்துக் கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூத் இன்னொரு பக்கம் போனார், அதைப் பிறகு சொல்கிறேன்.

நிதிப் பாடத்தில் வரும் எம்–எம் கோட்பாடு இங்கே பிறந்ததா?

ஆம். சிஏ, எம்காம், எம்பிஏ படித்தவர்கள் யாரும் தப்பிக்க முடியாத மாடிலியானி–மில்லர் கோட்பாடு: பெயின்ட் ஆலையில் பார்த்த அதே மாடிலியானியும் மெர்டன் மில்லரும். இருவரும் இந்தப் பள்ளியில் இருந்தபோது கார்ப்பரேட் ஃபைனான்ஸ் நடத்தச் சொன்னார்கள். இருவருக்கும் அந்தத் துறையில் பெரிய முன்அனுபவம் இல்லை. கையில் கிடைத்த பாடநூல்கள் திருப்தி தரவில்லை. 1958-இல் தாங்களே எழுதினார்கள்.

கருத்து இவ்வளவுதான்: வரியும் திவால் செலவும் இல்லாத சந்தையில், ஒரு நிறுவனம் கடன் வாங்கியதா, பங்கு விற்றதா என்பதால் அதன் மொத்த மதிப்பு மாறாது. ஆண்டுக்கு 1 கோடி சம்பாதிக்கும் இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்குக் கடனே இல்லை. இன்னொன்றுக்கு 5 சதவீத வட்டியில் 4 கோடி கடன். வட்டி 20 லட்சம் போக பங்குதாரர்களுக்கு 80 லட்சம். இரண்டாவதன் 10 சதவீதப் பங்கு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 8 லட்சம் கிடைக்கும். அவர் அதை விற்றுவிட்டு, தானே அதே வட்டியில் 40 லட்சம் கடன் வாங்கி, முதல் நிறுவனத்தில் 10 சதவீதம் வாங்கினால் வருமானம் 10 லட்சம், வட்டி 2 லட்சம், மிச்சம் அதே 8 லட்சம். ஆகவே சந்தை இரண்டாவதற்கு மொத்தத்தில் கூடுதல் மதிப்பு கொடுத்தால், இப்படி மாற்றிக்கொண்டே வித்தியாசத்தைப் பையில் போடலாம். எல்லோரும் அதைச் செய்வார்கள், வித்தியாசம் மறையும். நிஜ உலகில் வரி உண்டு, திவால் உண்டு என்பது அவர்களுக்கும் தெரியும். கடன் எங்கே மதிப்பைக் கூட்டுகிறது என்று தேடுபவர் இனி அந்த இரண்டு இடங்களில் தேட வேண்டும் என்பதே கோட்பாட்டின் பயன். தேர்வுக்கு மனப்பாடம் செய்பவர்களுக்கு இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

செயற்கை நுண்ணறிவுக்கும் இந்தப் பள்ளிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, மிகைப்படுத்தல் இல்லை. 1956 ஜனவரியில் சைமன் வகுப்புக்குள் வந்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் தானும் ஆலன் நியூவெல்லும் சிந்திக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். தர்க்கத் தேற்றங்களை நிரூபிக்கும் நிரல் அது. கணினியில் ஓட்டுவதற்கு முன்னால் தன் மனைவி, பிள்ளைகள், சில மாணவர்கள் கையில் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, நிரலின் ஒவ்வொரு பகுதியாக அவர்களை நடிக்கவைத்துச் சோதித்தார். அந்த ஆண்டு வந்த ஐபிஎம் 650 கணினியை வைத்ததும் இந்தப் பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்தில்தான். நியூவெல்லுக்கு முனைவர் பட்டம் கொடுத்ததும் இதே வணிகப் பள்ளி. சைமனும் நியூவெல்லும் 1975-இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றார்கள்.

அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த எட்வர்ட் ஃபைகன்பாம் பிறகு இங்கேயே முனைவர் பட்டம் பெற்று 1994-இல் டூரிங் விருது வாங்கினார். அவரோடு அந்த விருதைப் பகிர்ந்துகொண்ட ராஜ் ரெட்டி கார்னகி மெலனின் கணினித் துறைப் பேராசிரியர். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

நோபல் பரிசு எத்தனை?

இங்கே கற்பித்தவர்களும் படித்தவர்களுமாக ஒன்பது பேர் பொருளாதார நோபல் பெற்றிருக்கிறார்கள்: சைமன் (1978), மாடிலியானி (1985), மில்லர் (1990), ராபர்ட் லூகாஸ் (1995), ஃபின் கிட்லண்டும் எட்வர்ட் பிரெஸ்காட்டும் (2004), ஆலிவர் வில்லியம்சன் (2009), டேல் மார்ட்டென்சன் (2010), லார்ஸ் பீட்டர் ஹான்சன் (2013).

அப்படியிருந்தும் ஏன் ஹார்வர்டு அளவுக்குப் பெயர் இல்லை?

முதல் காரணம் அளவு. சிறிய பள்ளி, ஆண்டுக்கு வெளியே வரும் மாணவர்கள் குறைவு, அதனால் பெரிய பதவிகளில் இருக்கும் பழைய மாணவர் கூட்டமும் சிறியது. இரண்டாவது, ஆட்களை வளர்த்து அனுப்பும் இடமாகவே இருந்துவிட்டது. மில்லரும் லூகாஸும் சிகாகோவுக்குப் போனார்கள். மாடிலியானி எம்ஐடியில் நிலைத்தார். "சிகாகோ பள்ளி" (சிகாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்த்துப் பேசப்படும் பொருளாதாரச் சிந்தனை மரபு) என்று உலகம் சொல்லும் பல கருத்துகளின் முதல் வரைவு பிட்ஸ்பர்க்கில் எழுதப்பட்டது. சைமன் மட்டும் 2001-இல் இறக்கும்வரை ஊரைவிட்டு நகரவில்லை.

மூன்றாவதாக என் சொந்தக் கணிப்பு ஒன்று: இந்தப் பள்ளியின் வெற்றி மற்ற பள்ளிகளுக்குப் பரவியதே அதன் தனித்தன்மையைக் கரைத்துவிட்டது. 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளைக்காக அமெரிக்க வணிகக் கல்வியை ஆராய்ந்த அறிக்கை, ஆராய்ச்சியும் கணிதமும் சமூக அறிவியலும் வேண்டும் என்று வலியுறுத்தியது. அறக்கட்டளை முன்மாதிரியாகப் பார்த்த பள்ளிகளில் இதுவும் ஒன்று. பணம் அந்தத் திசையில் ஓடியது, எல்லாப் பள்ளிகளும் மாறின. இன்று புள்ளியியல் இல்லாத எம்பிஏ எங்கே இருக்கிறது?

எல்லாவற்றையும் கணக்காக்கினால் மனிதர்கள் என்ன ஆவார்கள்?

இந்தக் கேள்வியை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். வெளியாள் கேட்பதைவிடக் கடுமையாகவே.

சைமனின் வாதம்: மனிதனால் எல்லா வழிகளையும் எடைபோட முடியாது. நேரமும் தகவலும் மூளையின் திறனும் அளவானவை. ஆகவே சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமானது கிடைத்ததும் நிறுத்திவிடுகிறான். வாடகை வீடு தேடியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ரிச்சர்ட் சையர்ட்டும் ஜேம்ஸ் மார்ச்சும் இதையே நிறுவனங்களுக்கு விரித்தார்கள்: நிறுவனம் என்பது ஒரே மூளை அல்ல, வெவ்வேறு குறிக்கோள்கள் கொண்ட குழுக்களின் பேரம்.

இப்போது மூத்துக்கு வருவோம். பெயின்ட் ஆலைக் கணிப்புகளில் சைமனோடு சேர்ந்து உழைத்தவர் 1961-இல் நேர்எதிர் திசையில் ஒரு கட்டுரை எழுதினார்: எதிர்காலம் பற்றி மக்கள் வைத்திருக்கும் எதிர்பார்ப்புகள், சராசரியாகப் பார்த்தால், சரியான பொருளாதாரக் கோட்பாடு சொல்வதோடு ஒத்துப்போகும். வெளிவந்தபோது பெரிய கவனம் கிடைக்கவில்லை. 1970-களில் அங்கேயே இருந்த லூகாஸ் கையில் எடுத்தபிறகு நாட்டின் ஒட்டுமொத்தப் பொருளாதாரத்தை ஆராயும் பேரியல் பொருளாதாரத்தையே அது மாற்றிப்போட்டது. மத்திய வங்கிகள் இன்று "எதிர்பார்ப்புகளை நிலைநிறுத்துவது" பற்றிப் பேசுவதில் அந்தக் கட்டுரையின் நிழல் இருக்கிறது. மனிதனின் பகுத்தறிவுக்கு எல்லை உண்டு என்ற கோட்பாடும், எதிர்பார்ப்பில் அவன் சராசரியாகத் தவறுவதில்லை என்ற கோட்பாடும் ஒரே கூரையின்கீழ், ஒரே பெயின்ட் ஆலைத் திட்டத்தில் சேர்ந்து உழைத்தவர்களிடமிருந்து வந்தன. பொருளாதாரக்காரர்கள் கை ஓங்க ஓங்க, சைமன் உளவியல் துறைப் பக்கம் போய்விட்டார்.

1967-இல் வணிகப் பள்ளிகளின் அமைப்பைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பக்கம் அறிவியல் துறை ஆட்கள், மறுபக்கம் தொழில் அனுபவ ஆட்கள்; சும்மா விட்டால் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்துவிடுவார்கள், கலக்கிக்கொண்டே இருப்பதுதான் நிர்வாகியின் வேலை என்றார். என் பார்வையில் கணக்குமுறைப் பள்ளிகள் மீது வந்த விமர்சனங்களில் இதற்கு மிஞ்சியது இல்லை. சுத்திகரிப்பு ஆலையிலும் பெயின்ட் ஆலையிலும் கால் வைத்துத் தொடங்கிய கணக்கு, ஆலையை மறந்து கட்டுரைக்குள் மட்டும் வாழத் தொடங்கும் அபாயத்தை முதலில் பார்த்தவர் அவர்தான்.

வகுப்பில் நடைமுறைப் பயிற்சி உண்டா, வெறும் சமன்பாடா?

உண்டு. 1950-களின் இறுதியிலேயே கணினி வைத்து மேனேஜ்மென்ட் கேம் நடத்தத் தொடங்கினார்கள். மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து, ஒரே சந்தையில் போட்டியிடும் சோப்புத்தூள் நிறுவனங்களை மாதாமாதம் நடத்த வேண்டும்: விலை, விளம்பரம், உற்பத்தி, கடன், புதுச் சரக்கு. முடிவுகளைக் கணினியில் கொடுத்தால் சந்தை என்ன சொன்னது என்று திரும்பி வரும். நிஜத் தொழில் அதிகாரிகள் இயக்குநர் குழுவாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். போட்டியாளரைவிட உள்குழுச் சண்டைதான் அதிகம் தோற்கடிக்கும் என்பதை இதில் கற்றுக்கொள்ள முடியும். பாடங்கள் ஏழு வாரப் பகுதிகளாக ஓடும், "மினி" என்பார்கள். ஒரு வாரம் அசந்தால் ஏழில் ஒரு பங்கு போச்சு.

இப்போதும் கணக்கு உயிரோடு இருக்கிறதா, பழம்பெருமையா?

அமெரிக்காவின் முதன்மையான பேஸ்பால் போட்டித் தொடரான மேஜர் லீக் பேஸ்பாலின் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டம், மொத்தம் 2,430. தொடர்ந்து வெளியூர் ஆட்டம் அதிகம் கூடாது, மைதானத்தில் இசை நிகழ்ச்சி என்றால் அன்று ஆட்டம் கூடாது, பயணம் குறைய வேண்டும், தொலைக்காட்சிக்குப் பிடித்த மோதல்கள் பிடித்த நாளில் வர வேண்டும். கணவனும் மனைவியுமாக ஒரு ஜோடி பல்லாண்டுகள் போட்டுக்கொடுத்த அட்டவணையை, 2005 முதல் டெப்பர் பேராசிரியர் மைக்கேல் டிரிக் இருந்த சிறிய குழு பல பருவங்களுக்குப் போட்டது.

இதன் பின்னால் உள்ள இன்டிஜர் புரோகிராமிங் (விடைகள் முழு எண்களாக மட்டுமே வர வேண்டிய கணக்கு) இந்தப் பள்ளியின் பரம்பரைச் சொத்து. அதற்குப் பெரும் பங்களித்த ஏகோன் பாலாஸின் வாழ்க்கை தனிக் கதை. ருமேனியாவின் க்ளுஜ் நகரத்து யூதர். நாஜி ஆதரவு ஆட்சியில் ஒரு சிறை, பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் தனிமைச் சிறை. முப்பதுகளின் பிற்பகுதியில்தான் கணிதத்துக்கே வந்தார். 1967-இல் பிட்ஸ்பர்க் சேர்ந்து, 2019-இல் 96 வயதில் இறந்தார். கணக்குக்கு வயதாகிவிட்டது என்று சொல்பவர்களிடம் இவர் பெயரைச் சொல்லலாம்.

நம் பக்கத்து ஆட்கள் யாராவது?

ஐஐடி மெட்ராஸிலிருந்து ஒரு பாதையே இருக்கிறது. வி. சீனிவாசன் அங்கே பொறியியல் முடித்து, 1971-இல் இங்கே முனைவர் பட்டம் பெற்று, ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானார். வாடிக்கையாளர் விலையையும் வசதியையும் எப்படி எடைபோடுகிறார் என்று கண்டுபிடிக்கும் கான்ஜாயின்ட் அனாலிசிஸில் லீனியர் புரோகிராமிங்கைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். பெட்ரோல் கலந்த கணக்கு மார்க்கெட்டிங்குக்கு வந்தது இப்படித்தான்.

ஸ்ரீதர் தயூரும் ஐஐடி மெட்ராஸ்காரர், டெப்பர் பேராசிரியர். சரக்கு இருப்பைக் கணக்கிடும் ஸ்மார்ட்ஆப்ஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். 2013-இல் ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி அதை வாங்கியது. அவருடைய ஆர்கன்ஜெட் முயற்சி இன்னும் சுவையானது. அமெரிக்காவில் உறுப்பு மாற்றுக்குக் காத்திருக்கும் காலம் பகுதிக்குப் பகுதி பெரிதும் மாறும். காத்திருப்பு குறைந்த ஊரிலும் பெயரைப் பதிந்துகொள்ளலாம், ஆனால் உறுப்பு கிடைத்ததும் சில மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும். தனி விமானம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இருந்த அந்த வசதியை மற்றவர்களுக்கும் ஏற்பாடு செய்வதுதான் திட்டம்.

பிகாம், பிஏ படித்தவர்கள் சேரலாமா?

சேரலாம். பொறியியல் பட்டம் கட்டாயம் இல்லை. ஆனால் நிகழ்தகவு, அடிப்படை வகைநுண்கணிதம், எக்செல் ஆகிய மூன்றும் கை பழகியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் கணக்கை விட்டவர்கள் கிளம்புவதற்கு முந்தைய ஆறு மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள். போய்ச் சேர்ந்தபிறகு நேரம் இருக்காது.

எம்பிஏவா, கம்ப்யூடேஷனல் ஃபைனான்ஸ் முதுகலையா?

இரண்டும் வேறு. 1994-இல் தொடங்கிய கம்ப்யூடேஷனல் ஃபைனான்ஸ் (கணிதமும் கணினியும் கொண்டு நிதிச் சந்தையை ஆராயும்) படிப்பை வணிகப் பள்ளி, கணிதத் துறை, புள்ளியியல் துறை, அதே பல்கலைக்கழகத்தின் ஹைன்ஸ் கல்லூரி நான்கும் சேர்ந்து நடத்துகின்றன. பிட்ஸ்பர்க்கிலும் நியூயார்க்கிலும் நடக்கிறது. அங்கே கணிதமே வேலை. எம்பிஏவில் முடிவெடுப்பது வேலை, கணிதம் அதற்குத் துணை. கணக்கு பிடிக்கும், ஆட்களோடு பேசப் பிடிக்காது என்பவர் எம்பிஏவுக்குப் போய்ச் சிரமப்பட வேண்டாம்.

விசா பக்கம் பயன் உண்டா?

டெப்பர் எம்பிஏ ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் வருகிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு வழக்கமான 12 மாதப் பயிற்சி வேலைக்கு மேல் 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் தகுதி இதனால் கிடைக்கும். குடியேற்ற விதிகள் மாறக்கூடியவை; கடன் வாங்கும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், ஏஜென்டிடம் அல்ல.

ஊர் எப்படி?

இரும்பு ஆலைகள் ஓய்ந்துபோய், மருத்துவமனைகளும் ரோபோக்களும் வந்த ஊர். மேடு பள்ளம், பாலங்கள், நீண்ட குளிர். பென் ஹில்ஸில் 1970-களில் கட்டிய வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. மாணவர்கள் சாமிக்காக எவ்வளவு போகிறார்களோ, அங்கே கிடைக்கும் புளியோதரைக்காகவும் அவ்வளவு போகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

அங்கே போகாமல் இந்த முறையைக் கொஞ்சமாவது பழக முடியுமா?

முடியும். எக்செல்லில் சால்வர் என்ற வசதியைத் திறந்து, உங்கள் வீட்டுத் தொழிலிலோ அலுவலகத்திலோ உள்ள ஒரு கலவைச் சிக்கலை எழுதிப் பாருங்கள்: மாட்டுத் தீவனக் கலவை, நூல் ரகங்களுக்கு எந்தத் தறி, எந்தக் கடைக்கு எந்த வண்டி. விடை வருவதைவிட, கட்டுப்பாடுகளை எழுதும்போதுதான் வேலை இருக்கிறது. இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகள் அப்போதுதான் வெளியே வரும். பிறகு அந்தத் தொழிலைப் பத்து வருடமாகப் பார்ப்பவரிடம் விடையைக் காட்டுங்கள். "இது நடக்காது" என்று அவர் சொன்னால் காரணத்தைக் கேட்டு அதையும் ஒரு வரியாகச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.